சரித்திரக் காதல் கதைக்கு நாயகனைப் படைப்பது எப்படி: ஒரு வாசகியின் குறிப்புகள்

சரித்திரக் காதல் நாவல் ஒன்றை எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி யாராவது முதல் சில அத்தியாயங்களை என்னிடம் படிக்கக் கொடுத்தால், நாயகன் எப்படி அறிமுகமாகிறான் என்பதைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன். அந்தி சாயும் நேரமாக இருக்கும். களைத்த குதிரையின்மீது அவன் தனியாக வருவான். இடைக்கச்சையில் ஓர் ஓலை இருக்கும். அதை யாரிடம் சேர்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. 1950ஆம் ஆண்டு தொடராக வரத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’, ஓர் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் இப்படித்தான் ஒரு வாலிபனைக் குதிரைமீது கொண்டுவந்து நிறுத்தியது. அந்தக் குதிரைக்கு அதன் பிறகு தமிழில் ஓய்வே கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

நான் எழுத்தாளர் அல்ல; பள்ளி நாள்களிலிருந்து சரித்திர நாவல்களைப் படித்து வருகிற வாசகி. வார இதழ்களிலிருந்து வாரந்தோறும் கிழித்தெடுத்துச் சேர்த்து, முரட்டு நூலால் தைத்துப் பைண்டு செய்த தொகுப்புகளில்தான் அவற்றை முதலில் படித்தேன். தையல் இறுகிய இடத்தில் வரியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். பக்கத்தைத் திருப்பினால் வத்தக்குழம்புக் குறிப்பு ஒன்று பாதியில் நிற்கும். அப்படிப் படித்த காலத்தில் வாள் வீச்சும் கோட்டை முற்றுகையும்தான் நாயகனை நாயகனாக்குகின்றன என்று நினைத்திருந்தேன். இப்போது எந்தச் சரித்திரக் காதல் கதையை எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் அதனிடம் கேட்கிறேன்: நாயகி ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை என்ன ஆகும்? அவள் மறுப்பால் கதையில் எதுவுமே இடம் மாறாது என்றால், அங்கே இருப்பது படையெடுப்பு ஒன்றின் வரலாறு, அதன் ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவுதான். புதிதாக எழுத வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனைகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவையே.

பெயர் தேடுதல்

முதல் வேலை, நாயகனுக்குப் பெயர் தேடுவது. தொல்காப்பியம், காதலைப் பாடும் அகத்திணையில் வரும் மக்களைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று விதிக்கிறது. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது நூற்பா. காதலைப் பாடும்போது அவன் ‘வெற்பன்’, ‘துறைவன்’, ‘ஊரன்’ என்று நிலத்தின் பெயரால்தான் அழைக்கப்படுவான். சரித்திரக் காதல் நாவல் இந்த விதியை மீறிப் பிறந்த வடிவம். பெயரும் குலமும், கல்வெட்டில் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியும் உள்ள ஒருவனைக் காதலிக்க வைக்கிறது. ஆனால் விதியை வகுத்தவர்களின் காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. ராஜராஜன் என்று பெயர் சொன்ன கணத்திலேயே வாசகருக்கு அவன் யாரை வென்றான், எந்தக் கோயிலைக் கட்டினான், எத்தனை ஆண்டு ஆண்டான் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. 985 முதல் 1014 வரை அவன் வாழ்க்கையில் கதாசிரியர் புகுந்து விளையாட இடமே இல்லை. எதிர்பாராத எதுவும் நடக்க முடியாத ஒருவனிடம் காதலும் எதிர்பாராமல் நடக்காது.

ஆகவே, கல்வெட்டில் பெயர் இருந்து, வாழ்க்கை இல்லாத ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று குறிப்பிடுகிறது. அவர் எப்படிப்பட்டவர், எங்கே அவளைச் சந்தித்தார், எப்படிச் சிரிப்பார் என்பதற்கெல்லாம் கல்லில் விடை இல்லை. அந்த ஒற்றைக் குறிப்பிலிருந்துதான் ஐந்து பாகம் நீளும் ஒரு நாவலின் குதிரைவீரன் எழுந்தான். தலைப்புக்கு உரிய இளவரசனைவிட அவனையே வாசகர்கள் அதிகம் நேசித்தார்கள் என்பதில் வியப்பில்லை. முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரை நடத்திய கருணாகரத் தொண்டைமானும் இப்படிப்பட்டவனே. ‘கலிங்கத்துப்பரணி’ அவனைப் படைத்தலைவனாகப் புகழ்ந்துவிட்டு, அவன் வீட்டு வாசலோடு திரும்பிவிடுகிறது. பிற்காலத்தில் சாண்டில்யனின் ‘கடல்புறா’ நாவல் அந்த வாசலைத் திறந்துகொண்டு உள்ளே போனது.

இத்தகைய பெயர்களைத் தேட, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் 2ஆம் தொகுதியைப் புரட்டலாம். தஞ்சைக் கோயிலின் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. கதையின் நாயகிக்குப் பெயர் கிடைக்காமல் ‘பூங்குழலி’, ‘மலர்விழி’ என்று கூந்தலையும் கண்ணையும் பெயராக்குபவர்களுக்கு அந்தக் கல்வெட்டுகளைக் கட்டாயம் பரிந்துரைப்பேன். கோயிலில் பணிபுரிய வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலைச் சார்ந்த தெருக்களில் குடியமர்த்தப்பட்ட பெண்களின்) பெயர்கள் அங்கே வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறாள் என்பது முதற்கொண்டு இருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் இருக்கிறது. 400 பெண்கள், 400 வீடுகள், சொந்த வருமானம். இவர்களில் ஒருத்தியைக்கூட நாயகியாக்காமல் இன்னும் நாம் இளவரசிகளையே சுற்றிச் சுற்றி வருகிறோம்.

அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்

தமிழ்ச் சரித்திர நாயகர்களில் பெரும்பாலோர் உபதளபதிகள், ஒற்றர்கள், அல்லது பிறப்பு மறைக்கப்பட்ட இளவரசர்கள். மூன்றாவது வகையினருக்குத் தோளில் ஒரு மச்சமோ கழுத்தில் ஒரு பதக்கமோ இருக்கும். கடைசிப் பாகத்தில் ஒரு மூதாட்டி அதைப் பார்த்துக் கதறுவார். அந்தச் சாதனத்தை இனி ஐம்பது ஆண்டுகளுக்காவது பரணில் போட்டுவைக்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

சோழர் ஆட்சியில் வாள் பிடிக்காத வேலைகள் எத்தனையோ இருந்தன. மன்னன் வாய்மொழியாகச் சொன்ன ஆணையை எழுதும் திருமந்திர ஓலை என்ற அதிகாரி இருந்தார். எழுதியது சரிதானா என்று ஒப்பிடும் ஓலை நாயகம் இருந்தார். வரிக் கணக்கைப் பார்க்கப் புரவுவரித் திணைக்களம் இருந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கடல் கடந்து சென்று, 1088ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாருஸ் கரையில் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். கற்பூரம் விளையும் அந்தக் கரையில் கணக்கெழுதப் போன ஓர் இளைஞன் மூன்று பருவக்காற்றுகள் கழித்து ஊர் திரும்பும்போது அவனுக்காகக் காத்திருந்தவள் என்ன ஆகியிருப்பாள் என்ற கேள்விக்கு எந்தக் கோட்டையையும் முற்றுகையிட வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை நிலம் அளப்பது. ராஜராஜன் காலத்தில் நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1086இல், மறுபடியும் அளந்தார்கள். வேலி என்பது பழைய நில அளவு. ஒரு வேலி நிலத்தில் 320இல் ஒரு பங்கு முந்திரிகை. அதற்கும் கீழே இறங்கிப் பின்னத்தின் பின்னமாகக் கணக்கு எழுதினார்கள். இப்படி அளக்க வருகிறவன் கையில் வாள் இருக்காது, கோல்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோல் ஒரு குடும்பத்தின் வரியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. காதல் கதைக்கு இதைவிட நல்ல நாயகன் கிடைப்பது அரிது. ஏனென்றால் அவன் ஒரு பெண்ணை விரும்பத் தொடங்கிய உடனே, அவளுக்கும் அவனுக்கும் இடையில் அந்தக் கோல் குறுக்கே வந்து விழுகிறது. அவள் சம்மதித்தால் அது விருப்பத்தினாலா, வரிக்கு அஞ்சியா என்று அவனுக்கே தெரியாது. எழுதிக் காட்டாமல் விளக்குவது கடினம் என்பதால் ஒரு காட்சியை இங்கே வரைந்து பார்க்கிறேன்.

வயல் வரப்பில் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு அவன் தண்ணீர் கேட்கிறான். செம்பை நீட்டிய பெண், அவன் குடித்து முடிக்கும்வரை கோலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘மேலைச்செய்யில் பாதி களர். அதை விளைநிலத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டால் உங்கள் தந்தைக்கு உதவியாக இருக்கும், இல்லையா?’ என்று அவன் மெதுவாகக் கேட்கிறான். அவள் செம்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். ‘களர் களராகவே இருக்கட்டும், ஐயா, விளைவது விளைவதாகவே இருக்கட்டும். அளந்து முடியுங்கள். ஓலையில் எழுதி, ஊர்ச் சபையில் வாசித்து, முத்திரை வைத்துவிட்டு, இந்த ஊரில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்று ஆன பிறகு வாருங்கள். அப்போது தண்ணீர் கேட்டாலும் தருவேன். வேறு எது கேட்டாலும் யோசித்துச் சொல்வேன்.’ அவன் கோலை எடுக்கிறான். அன்று மாலைவரை அளவு மூன்று முறை தவறிப்போகிறது. உடன் வந்த கணக்கன் மூன்று முறையும் ஒன்றும் சொல்லாமல் அழித்து எழுதுகிறான்.

இந்தக் காட்சியில் அவள் அழகைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவன் வீரத்தைப் பற்றியும் இல்லை. மறுப்பு ஒன்று இருக்கிறது, அந்த மறுப்பு கதையை முன்னோக்கித் தள்ளுகிறது. இனி அவன் எவ்வளவு சீக்கிரம் அளந்து முடிப்பான், நேர்மையாக முடிப்பானா என்பதே சிக்கலாகிவிடும். முடிவில் அவள் தந்தையின் வரி கூடத்தான் போகிறது என்றால் இன்னும் நல்லது.

மாறுவேடம் எதுவரை

மாறுவேடம் இல்லாத தமிழ்ச் சரித்திர நாவலை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. ‘பார்த்திபன் கனவு’ படித்த சிறுவயதில், ஊர் ஊராகச் சுற்றும் அந்தச் சிவனடியார் உண்மையில் யார் என்று தெரிந்தபோது ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் அரசியல் சூழ்ச்சிக்காகப் போடும் வேடத்தையும் காதலுக்காகப் போடும் வேடத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எதிரியின் கோட்டைக்குள் நுழைய ஒருவன் வளையல் செட்டியாக வேடமிட்டால், ஏமாறுபவன் எதிரி. அதே வேடத்தில் அவன் ஒரு பெண்ணின் மனத்தைப் பெற்றுவிட்டு, பிறகு கிரீடத்தோடு வந்து நின்று ‘நான்தான் அவன்’ என்று சொன்னால், ஏமாறியவள் அவள். தொண்ணூறு விழுக்காடு கதைகளில் அவள் அந்த இடத்தில் நாணித் தலைகுனிகிறாள் என்று சொன்னால் அது வெறும் கணக்குக்குச் சொல்வதுதான். ஆனால் என் எரிச்சலுக்கு அந்த அளவு சரியாகவே இருக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. அவள் சம்மதம் சொல்வதற்கு முன்னால், ஒரு அத்தியாயமாவது முன்னால், வேடம் கலைய வேண்டும். கலைப்பவன் அவனாகவே இருந்தால் கதைக்கு நேர்மை வருகிறது. அவளே கண்டுபிடித்துவிட்டு, தெரியாததுபோல இன்னும் சில நாள் அவனை வளையல் விற்க வைத்தால் கதைக்குச் சுவையும் சேர்கிறது. வளையல் விற்பவனின் விரல்கள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெண்ணின் கை எலும்பைக் குவித்து, வலிக்காமல் வளையல் ஏற்றத் தெரியாதவன் செட்டியாக இருக்க முடியாது. ஒற்றனாக எழுதும்போது இந்த மாதிரிச் சிறிய தொழில் நுணுக்கத்தில் அவனைத் தடுக்கிவிழச் செய்யுங்கள். சுரங்கப்பாதை, முத்திரை மோதிரம், கதவிடுக்கில் கேட்கும் இரகசியம் ஆகியவை அத்தனை முறை தேய்ந்துவிட்டன. அவற்றுக்கு ஆளுக்கு ஒரு முறை அனுமதி, அதற்குமேல் வேண்டாம்.

அவள் மறுக்கும் இடம்

தொல்காப்பியத்தார் ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்றும் பிரித்து, இரண்டையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தார்கள். காதலர் இருவருக்கும் பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு என்று தொடங்கிப் பத்து ஒப்புமைகளையும் மெய்ப்பாட்டியலில் வகுத்தார்கள். நம் நாவல்களில் நாயகன் நாயகியின் கையைப் பிடித்து இழுப்பதும், அவள் திமிறத் திமிற அணைப்பதும், ‘அவள் வாய் மறுத்தது, கண்கள் அழைத்தன’ என்று ஆசிரியர் அதற்குச் சான்றிதழ் கொடுப்பதும் அன்பின் ஐந்திணையில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் அந்தக் காட்சிக்கு முல்லைப்பூவையும் நிலவையும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்து இலக்கணமே அதைப் புறத்தே தள்ளியிருக்கும்போது அந்த வாதம் நிற்காது.

வரலாற்றில் மறுப்புக்கு என்ன விலை இருந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை எழுதியது. மதுரையின் சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை நாயக்கரின் மகளுக்கும் இடையிலான காதலை அது கதையாக்குகிறது. வரலாற்றில் நடந்தது வேறு. சொக்கநாதர் பெண் கேட்டார். தஞ்சையின் விஜயராகவ நாயக்கர் மறுத்தார். 1673இல் மதுரைப் படை தஞ்சைக்குள் நுழைந்தபோது, அந்தப்புரப் பெண்கள் பகைவர் கையில் சிக்கக் கூடாது என்று அவர்கள் இருந்த மாளிகையே வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. விஜயராகவர் போரில் மாண்டார். கேட்டவர் ஓர் ஆண், மறுத்தவர் ஓர் ஆண், எரிந்தவர்கள் பெண்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. நம்முடைய இந்த வடிவம் தன் முதல் காதலை இப்படி ஒரு சாம்பல் மேட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றே உறுத்தும். சரித்திரத்தை அப்படியே எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்றி எழுதுகிறவர், சரித்திரம் அந்தப் பெண்ணுக்குத் தராத ஒன்றையாவது தர வேண்டும் என்கிறேன். குறைந்தது, அவளிடம் ஒருவராவது கேட்கட்டும்.

இந்த வகையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற காட்சி ‘சிவகாமியின் சபத’த்தில் இருக்கிறது. புலிகேசியால் சிறைபிடிக்கப்பட்டு வாதாபியில் இருக்கும் சிவகாமியை மீட்க நரசிம்மவர்மனும் பரஞ்சோதியும் உயிரைப் பணயம் வைத்து மாறுவேடத்தில் வருகிறார்கள். வழக்கமான கதையாக இருந்தால் அங்கே அவள் அவன் குதிரைமீது ஏறியிருப்பாள், வாசகர் பெருமூச்சு விட்டிருப்பார், பாகம் முடிந்திருக்கும். அவள் வர மறுக்கிறாள். இந்த நகரம் எரிந்த பிறகுதான் வெளியேறுவேன் என்று செய்த சபதத்தை முன்வைக்கிறாள். வந்தவனுக்குக் கோபம் வருகிறது. அவன் வெறுங்கையோடு திரும்புகிறான். வாதாபி வீழ்ந்தது 642இல் என்று வரலாறு சொல்கிறது. அந்தப் போருக்கும் அந்த மறுப்புக்கும் இடையில் கதை ஒன்பது ஆண்டுகளை வைக்கிறது. அந்த ஆண்டுகளில் அவன் வேறொருத்தியை மணந்து பிள்ளைகளும் பெற்றுவிடுகிறான்.

இந்த நாயகனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் உயிருள்ளவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் படை நடத்திப் போனதால் அந்த உயிர் வரவில்லை. அவன் விரும்பியவள் அவன் சொல்லுக்குக் கட்டுப்படாதவளாக இருந்ததால் வந்தது. அரசியல் கடமையா காதலா என்ற பழைய முரணை எழுத விரும்புகிறவர்கள் இதை ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். கடமை நாயகன் பக்கம் மட்டுமே இருந்தால், நாயகி உப்பரிகையில் நின்று அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. இருவருக்கும் ஆளுக்கொரு கடமை இருந்து, அவை ஒன்றுக்கொன்று இடித்தால், அழுவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது.

இரண்டு நாயகியர்

தமிழ்ச் சரித்திர நாவலின் மாறாத வழக்கம் இது: ஒருத்தி இளவரசி, மற்றொருத்தி ஓடக்காரியோ நடனப் பெண்ணோ அயல்நாட்டவளோ. முதலாமவள் நாணம், இரண்டாமவள் துணிச்சல். நாயகனின் உயிரை மூன்று முறையாவது காப்பாற்றுவது இரண்டாமவள்தான்; மாலை விழுவது முதலாமவள் கழுத்தில். இரண்டாமவளை என்ன செய்வது என்று தெரியாத ஆசிரியர், அவன் மார்பைக் குறிவைத்து வரும் வேலுக்கு முன்னால் அவளைப் பாய வைத்துவிடுகிறார். அவன் மடியில் தலை வைத்து அவள் நாலு பக்கம் பேசிவிட்டு இறக்கிறாள். அவனுக்குச் சங்கடம் தீர்ந்தது.

மன்னர்கள் பலரை மணந்தார்கள் என்பது உண்மைதான். ராஜராஜனின் தேவியர் பலரின் பெயர்கள் கல்வெட்டுகளிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தக் கல்வெட்டுகள் அவர்களை எப்படிக் காட்டுகின்றன என்று பாருங்கள். உலகமாதேவி திருவையாற்றில் தன் பெயரால் ஒரு கோயில் எடுப்பித்தாள். அதற்கு நிவந்தம், அதாவது நிலையான கொடை, கொடுத்தாள். சக்களத்திப் பொறாமையில் பால் கிண்ணத்தில் நஞ்சு கலந்துகொண்டிருந்ததாக எந்தக் கல்லிலும் இல்லை. இரண்டு நாயகியரை வைத்தே தீருவேன் என்கிறவர்களிடம் நான் வேண்டுவது இது: நாயகன் இல்லாத நேரத்தில் அந்த இருவரும் தனியாக உட்கார்ந்து பேசும் ஓர் அத்தியாயத்தை எழுதுங்கள், அதில் அவன் பெயர் வரக் கூடாது. நெல் விலையைப் பேசட்டும், மரக்கலம் வராததைப் பேசட்டும், யார் வீட்டு யானை யார் தோப்பில் புகுந்தது என்று சண்டை போடட்டும். அந்த அத்தியாயத்தை எழுத முடியவில்லை என்றால் அவர்கள் இருவரில் ஒருத்தி தேவையில்லை. பெரும்பாலும் இருவருமே தேவையில்லை.

பரவை நங்கையைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. அவள் ராஜேந்திர சோழனின் அணுக்கி, மனத்துக்கு நெருங்கியவள். பட்டத்து அரசி அல்லள். திருவாரூர்க் கோயிலுக்கு இருவரும் ஒரே தேரில் வந்ததையும், அங்கே அவர்கள் இருவரும் நின்ற இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதையும் அந்தக் கோயிலின் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. கடாரம் வரை கப்பல் அனுப்பிய பேரரசன் ஒருவன், தான் ஒரு பெண்ணோடு சேர்ந்து நின்ற இடத்தை விளக்கு வைத்துக் குறிக்கச் செய்திருக்கிறான். அவள் எப்படி இருந்தாள் என்று கல்வெட்டு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நமக்கோ அவளைப் பார்த்ததுபோல இருக்கிறது. அடிமுதல் முடிவரை வருணிக்கும் பாதாதிகேசத்துக்காக மூன்று பக்கம் ஒதுக்குகிறவர்கள், கயல் கண், பிறை நுதல், துடி இடை என்று வரிசையாக அடுக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், தங்கள் கதையில் அந்த விளக்குக்குச் சமமான ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடலாம்.

சில்லறைத் திருத்தங்கள்

தூரத்தைக் கணக்கிடுங்கள். தஞ்சையிலிருந்து காஞ்சிக்குச் சாலை வழியே 250 கிலோமீட்டருக்கு மேல். காலையில் தஞ்சையில் குந்தவையின் தோழியிடம் ஓலை வாங்கியவன் இரவு காஞ்சியில் வாள் சுழற்றினால், நடுவில் எத்தனை குதிரைகள் செத்தன என்பதையும் எழுதிவிடுங்கள். ஆறுகள் பெருகியிருக்கும் ஐப்பசியில் அவனைக் கொள்ளிடக் கரையில் இரண்டு நாள் உட்கார வைத்தால், அந்த இரண்டு நாளில் கதைக்கு வேண்டியது எவ்வளவோ நடக்கும்.

சமையலறையில் மிளகாய் கூடாது. போர்த்துகீசியர் வந்த பிறகுதான் அது நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகும் இஞ்சியும்தான். தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாளி, அன்னாசி, முந்திரிப்பருப்பு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். சோழ இளவரசி முந்திரிப் பாயசம் பரிமாறிய ஒரு கதையை நான் படித்திருக்கிறேன். அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு அவள் காதலை நம்ப முடியவில்லை.

உரையாடல் நடையில், கீழ்நிலை வீரன் முதல் அரசி வரை எல்லோரையும் ஒரே செந்தமிழில் பேச வைக்க வேண்டாம். நாயகன் நாயகியை முதல் சந்திப்பிலேயே ‘நீ’ என்று அழைப்பதும், அவள் கடைசிவரை ‘தாங்கள்’ என்றே சொல்வதும் வழக்கமாகிவிட்டன. யார், எந்த அத்தியாயத்தில், யாரை ‘நீ’ என்று முதலில் சொல்கிறார் என்பதை ஒரு நிகழ்ச்சியாகவே அமைக்க முடியும். தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த இந்த வசதியை வீணாக்குவது பாவம்.

முடிவு

முடிவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு பழைய கதைதான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு விடுமுறையில், தெருமுனை வாடகை நூலகம் ஒன்றிலிருந்து நாளைக்கு இத்தனை காசு என்று எடுத்து வந்த ஒரு பைண்டுத் தொகுப்பில் கடைசி இரண்டு வாரத்துப் பக்கங்கள் இல்லை. நூலகக்காரரிடம் கேட்டபோது, அதைத் தந்தபோதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார். இரண்டாம் நாயகி, நாகைத் துறைமுகத்தில் நாயகனின் மரக்கலம் கிளம்பக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் கதை அறுந்திருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. பைண்டர் கடைசியில் வைத்துத் தைத்திருந்த வெற்றுத் தாள்களில் பென்சிலால் நானே முடிவை எழுதினேன். அவன் அவளையும் கப்பலில் ஏறச் சொல்கிறான். அவள், இந்தத் துறையில் எனக்குச் சொந்தமாக இரண்டு படகுகள் இருக்கின்றன, உன் கப்பலில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். அவன் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாய் விரிகிறது, காற்று யாருக்காகவும் நிற்பதில்லை.

பல ஆண்டுகள் கழித்து அந்த நாவல் முழுமையாகக் கிடைத்தது. அதில் அவள் ஒரு வேலுக்கு முன்னால் பாய்ந்திருந்தாள். அவன் மடியில் தலை வைத்து நாலரைப் பக்கம் பேசியிருந்தாள். பழைய தொகுப்பை நான் நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்போது பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. எனக்குப் பிறகு அதை எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அதையே உண்மையான முடிவு என்று நம்பினார்கள் என்று அவ்வப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு.